அன்னபேதியும் முதல் கண்ணீரும்

ஊசிக்காட்டுவலசில் நாங்கள் நிறத்தோடுதான் அழுவோம். ஊருக்கு மேற்கே வரிசையாக நிற்கும் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் ஒரு பொதுத்தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பள்ளத்தில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே எங்கேயோ ஆற்றைத் தேடிப் போகும். ஓடையைத்தான் எங்கள் பக்கம் பள்ளம் என்போம். அந்தப் பள்ளத்தில் ஒருநாள் மெரூன் ஓடும், மறுநாள் மயில்கழுத்து ஓடும், தீபாவளிக்கு முந்தின மாதங்களில் காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமுமாக ஓடும், எப்போதோ ஒரு காலத்தில் அந்த நிறங்கள் எங்கள் கண்ணுக்குள்ளும் ஏறிவிட்டன. முதலில் யாருக்கு ஏறியது என்பதில் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் இன்னும் தகராறு, இரண்டு தெருவுமே அந்தப் பெருமை தங்களுக்குத்தான் என்கின்றன. எனக்குக் கிளிப்பச்சை, என் தம்பிக்கு ஆரஞ்சு, சின்ன வயசில் நாங்கள் அடித்துக்கொண்டு அழுதால் யார் அதிகம் அழுதது என்று எங்கள் அம்மா வாசலிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவாள்.

நிறக் கண்ணீர் கன்னத்தில் இறங்கினால் காந்தும். காந்தின இடத்தில் கோடு விழும், அந்தக் கோடு சோப்புக்கும் போகாது சீயக்காய்க்கும் போகாது, தோல் தானாக உரிகிற வரைக்கும் கிடக்கும். ஆகவே இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தே கண்டுபிடிக்கலாம், யார் எவ்வளவு அழுதார்கள் என்பதையும் கண்டுபிடிக்கலாம், “சம்பந்தி மொகத்துல ஒரு கோடு இல்லையே” என்று அடுத்த இழவு விழுகிற வரைக்கும் பேசிக்கொண்டிருக்கலாம். சின்ன வெங்காயம் இல்லாமல் எங்களுக்குச் சமையல் கிடையாது, அதனால் பட்டறையில் ஆசிட் ஊற்றும்போது மாட்டுகிற கண்ணாடியில் வீட்டுக்கு ஒன்று வாங்கி அடுப்படி ஆணியில் தொங்கவிட்டிருந்தோம். சோகப் படம் போட்டால் தியேட்டர்காரருக்கு நஷ்டம், சிரிப்புப் படம் போட்டாலும் வயிறு வலிக்கச் சிரிக்கிற கட்டத்தில் பாதிப் பேர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவிடுவார்கள். அசலூரிலிருந்து முகாம் போட வந்த கண் டாக்டர் ஒருவர், கையிலிருந்த பஞ்சு நீலமானதைப் பார்த்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கு நாங்கள் சோடா வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டோம். மொத்தத்தில் அழுகையைக் குறைத்துக்கொண்ட ஊர் எங்களுடையது, வந்தாலும் விழுங்கிக்கொள்வோம், அது நெஞ்சுக்குள் என்ன ஆகிறது என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

பிறந்த குழந்தை வாய்விட்டு அழும், ஆனால் கண்ணீர் வராது. எல்லா ஊரிலும் அப்படித்தான் என்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருநாள் முதல் சொட்டு எட்டிப் பார்க்கும், அந்த நேரத்தில் பள்ளத்தில் என்ன நிறம் ஓடுகிறதோ அந்த நிறம்தான் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும். அதனால் குழந்தையின் அத்தை வெள்ளைப் பனியன் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பாள், முதல் சொட்டை அதில் ஒற்றி வாசலில் கொடி கட்டித் தொங்கவிடுவாள், பின்னாளில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது ஜாதகத்தோடு அந்தத் துணியையும் கேட்பார்கள். செல்வாக்கு உள்ளவர்கள் முன்கூட்டியே பட்டறைச் சங்கத்துக்குப் போய், “பாப்பாவுக்கு மூணாம் மாசம் நடக்குதுங்க, கொஞ்சம் வெளிறின கலரா ஓட்டுங்க” என்று சொல்லிவைப்பார்கள். செல்வாக்கு இல்லாதவர்களுக்கு ஆர்டர் என்ன வருகிறதோ அதுதான் விதி.

மயிலாத்தாளுக்கு அப்படி வந்தது கருப்பு. அவள் கைக்குழந்தையாக இருந்த வருஷம் எங்கிருந்தோ பள்ளிக்கூடத்துக் காலுறை ஆர்டர் வந்து ஊரே கருப்பு ஓட்டியது, அந்த வாரத்தில் அவள் கண் நனைந்துவிட்டது. வளர்ந்து கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற அன்று எல்லாப் பெண்களையும்போல அவளும் அழுதாள், கன்னம் இரண்டிலும் தார் ஊற்றின மாதிரி கோடு இறங்கியது, மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய் மறுவாரமே அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அப்பன் செத்தபோதும் அவள் அழவில்லை, ஆத்தா செத்தபோதும் அழவில்லை. தம்பி சென்னியப்பன் நடத்துகிற பட்டறையில் துணி மடித்துக் கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமும் அதிகம் பேசாமல், நறுக்கென்று நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

சென்னியப்பன் நல்ல சாயக்காரன். கண்ணால் பார்த்தே மாதிரித் துணிக்கும் சாயம் ஏறின லாட்டுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுவான், தலைகீழாக நிறுத்தி எழுப்பினாலும் எந்தச் சாயத்துக்கு எத்தனை உப்பு என்று ஒப்பிப்பான். பெண் எடுப்பதென்றால் நாங்கள் பள்ளத்தின் ஓரத்து ஊர்களிலேயே எடுப்போம், அவன் மட்டும் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வேதியியல் படித்த தாரகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு வந்தான். வெளியூரில் பிறந்தவர்களின் கண்ணீருக்கு நிறம் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் தெரிந்ததும் பழகியதும் வேறு வேறு அல்லவா. நிறமில்லாத ஒன்றைக் கண்ணீர் என்று கணக்கில் எடுக்க எங்கள் கண்ணுக்குப் பழக்கமில்லை. மாமியார் செத்த அன்று அவள் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்தில் ஒரு கோடும் இல்லாததைப் பார்த்து, “படிச்ச புள்ளைங்களுக்கு நெஞ்சு கல்லு” என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் கன்னம் பளபளத்ததை வேர்வை என்று நினைத்துக்கொண்டு விசிறியை அவள் பக்கம் தள்ளியவளும் உண்டு.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் கட்டி, பெயர் வைத்து, ஆளாளுக்குக் காப்பு போட்டு முடிந்த பிறகு சென்னியப்பன் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னான்.

“அம்மிணி, சங்கத்துல சொல்லி வெச்சுட்டன். மூணாம் மாசம் பூராவும் ரோஸ் லாட்டுதான் ஓடும். நம்ம பாப்பா அழுதா ரோஜாப்பூவாட்டம் இருக்கும் பாரு.”

“எனக்கு ரோசு வேண்டாமுங்க.”

“பின்ன சந்தன கலரா? அதுக்கு இப்ப ஆர்டர் இல்லையே.”

“எந்தக் கலரும் வேண்டாம். என்ற புள்ள தண்ணியாட்டம் அழுவோணும். கன்னம் காந்தாம அழுவோணும்.”

“தண்ணியாட்டம் அழுதா, அழுதது எப்படித் தெரியும்?” என்று அவன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். அவள் கன்னம் பளபளக்க அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “பொழுதுக்கும் உனக்கு வேர்க்குது, இரு, ஃபேனப் போடறன்” என்று எழுந்து போனான்.

அவன் நல்லவன்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது.

தாரகேஸ்வரி மறுநாளே பட்டறையிலிருந்து ஒரு வாளி கழிவுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அன்றைக்கு மெரூன். கொஞ்சம் ஆசிட் விட்டு அதைப் புளிப்பாக்கினாள், நாட்டு மருந்துக் கடையில் இரும்புச் சத்துக்கு என்று விற்கிற அன்னபேதியை வாங்கி வரச்சொல்லி, அந்தப் பச்சை உப்பை ஒரு கை கரைத்துவிட்டாள், பிறகு துணி வெளுக்கப் பட்டறையில் வைத்திருக்கும் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வேப்பங்குச்சியால் கலக்கினாள். வாளி நுரைத்தது, தொட்டால் சூடாக இருந்தது. மெரூன் செங்கல் நிறமாகி, செங்கல் டீத்தண்ணியாகி, டீத்தண்ணி வெளுத்துக்கொண்டே போய், சுண்ணாம்பு போட்டதும் துரு நிறத்தில் சேறு அடியில் இறங்க, மேலே வாளியின் அடி தெரிகிற தண்ணீர் நின்றது. பக்கத்தில் நின்று பார்த்த மயிலாத்தாள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

“கலரு எங்க போச்சு?” என்றாள்.

“எங்கயும் போகலிங் நங்கையா,” என்றாள் தாரகேஸ்வரி. நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். “இரும்பும் பெராக்சைடும் சேந்தா வெறி புடிச்சாப்பல ஒண்ணு பொறக்குமுங்க. அதுக்கு ஆயுசு கண்ண மூடித் தொறக்கற நேரம்கூட இல்ல, ஆனா அதுக்குள்ள எதுத்தாப்புல எது இருந்தாலும் கடிச்சுத் துண்டாக்கிப் போடும். சாயம் கலராத் தெரியறதே அதுக்குள்ள ஒரு கொக்கி இருக்கறதாலதான். அந்தக் கொக்கிய அறுத்துட்டாக் கலரு இல்ல.”

“கருப்பையும் அறுக்குமா?”

“அறுக்குமுங்.”

மயிலாத்தாள் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், வெளியே எடுத்துப் பார்த்தாள், சேலையில் துடைத்துக்கொண்டாள். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பொதுத்தொட்டியிலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கச் சங்கத்துக்குப் போனாள்.

சங்கத் தலைவர் பொங்கியண்ணன் எதையும் சட்டென்று வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் கிடையாது, வேண்டாம் என்பதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். பட்டறைக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தபிறகு அவர் சொன்னது இது: வாளியில் நடந்தது தொட்டியில் நடக்குமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நடந்துவிட்டால் என்ன செய்வது? நிறமில்லாமல் அழுகிற பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானால் யார் உண்மையாக அழுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? இழவு வீட்டில் யாரை நம்புவது, பெண்டாட்டி அழுதாள் என்று புருஷன் எதை வைத்து விட்டுக்கொடுப்பான்? இந்தக் கேள்வி எங்களில் நிறையப் பேருக்கு நியாயமாகவே பட்டது. எனக்கும் பட்டது, எத்தனையோ சண்டையில் என் கிளிப்பச்சைதான் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது.

“அழுதா நம்பறக்குக் கலரு வேணுமுங்களா தலைவரே?” என்று மயிலாத்தாள் எழுந்து நின்றாள். “நான் அழுது எத்தன வருசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். என்ற கண்ணுல வர்றத நாலு பேரு பார்த்தாங்க, நம்பினாங்க, நம்பித்தான் கொண்டாந்து உட்டாங்க. அந்தப் புள்ளைக்கு என்ற கெரகம் வேண்டாம். தொட்டியத் தரலைன்னா நான் மதகுல குறுக்க உக்காந்துக்கறன், எந்தக் கலரும் பள்ளத்துல எறங்காது.”

அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. குழந்தைக்கு முதல் கண்ணீர் வருகிற வரைக்கும் பொதுத்தொட்டியில் இதைச் செய்து பார்க்கலாம், அதுவரைக்குமான செலவு சங்கத்தினுடையது என்று முடிவானது. பெராக்சைடு விஷயத்தில் கை தேர்ந்தவன் என்பதால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சென்னியப்பனிடமே கொடுத்தார்கள். கைக்குழந்தையோடு இருப்பவளை ஆசிட் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி, என்ன எப்போது போடவேண்டும் என்பதை மட்டும் தாரகேஸ்வரியிடம் கேட்டுக்கொண்டார்கள்.

தொட்டியில் நடக்கவில்லை. ஆசிட் விட்டார்கள், மூட்டை மூட்டையாக அன்னபேதி கொட்டினார்கள், பெராக்சைடு ஊற்றினார்கள், நுரை எழும்பியது, எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், சித்த நேரத்தில் நுரை அடங்கித் தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கி, நீலம் நீலமாகவே நின்றது. மறுபடி செய்தார்கள், மறுபடியும் அதே கதை. வீட்டில் அதே தண்ணீரை வாளியில் எடுத்து அவள் செய்தால் நடக்கிறது, தொட்டியில் அவன் செய்தால் நடக்கவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள், அன்னபேதியைக் கூட்டச் சொன்னாள், ஆசிட்டைக் குறைக்கச் சொன்னாள், தன் படிப்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு நடுவில்தான் பெரிய ஆர்டர் வந்து இறங்கியது, எல்லாப் பட்டறைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற அளவுக்குப் பெரியது, ரோஸ் லாட்டெல்லாம் ஒதுக்கிவைக்கப்பட்டது. அத்தனையும் கருப்பு.

பள்ளத்தில் கருப்பு ஓட ஆரம்பித்த அன்று குழந்தையின் இமையோரம் லேசாக மினுமினுத்ததை மயிலாத்தாள் பார்த்துவிட்டாள், சொட்டு இன்னும் திரளவில்லை, ஆனால் அடுத்த அழுகைக்கு வந்துவிடும். அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதன்பிறகு எங்கள் ஊரில் நடந்ததை வேறு எந்த ஊரிலும் கேட்டிருக்கமாட்டீர்கள்: ஒரு குழந்தை அழக்கூடாது என்பதற்காக ஒரு ஊரே வேலை பார்த்தது. கோயில் ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பிக் கட்டினோம், பஸ் டிரைவரிடம் சொல்லி அந்த முக்கில் ஹாரன் அடிக்காமல் போகச் செய்தோம், தெருநாய்களுக்குப் பட்டறைக்குப் பின்னால் சோறு வைத்து அங்கேயே இருக்கப் பழக்கினோம். முறை வைத்துக்கொண்டு ஆட்கள் வந்து கிலுகிலுப்பை ஆட்டினார்கள், பூனை மாதிரிக் கத்தினார்கள், மீசையை முறுக்கிக் காட்டினார்கள். எதையும் ஒரு மணி நேரம் யோசிக்கிற பொங்கியண்ணன்கூட யோசிக்காமல் தரையில் மண்டியிட்டு யானையாக நடந்தார். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது, சிரிப்பு அதிகமாகிக் கண் கலங்கிவிடுமோ என்று அதற்கும் பயந்து, அளவாகச் சிரிக்கவைக்க நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இப்படி எத்தனை நாளைக்கு ஓட்டமுடியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் காலை, பள்ளத்தின் பக்கமிருந்து காற்று வீசியபோது, தாரகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு திடுக்கென்று எழுந்தாள். கிழித்து அணைத்த தீக்குச்சி மாதிரி ஒரு நெடி. அவளுடைய வாளியில் ஒருநாளும் வராத நெடி. குழந்தையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, யார் தடுத்தும் கேட்காமல், மயிலாத்தாள் குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, நேராகத் தொட்டிக்குப் போனாள்.

சென்னியப்பன் தொட்டி விளிம்பில் நின்று எல்லாவற்றையும் அவள் சொன்னபடியே செய்தான். ஆசிட்டை அளவு பார்த்து ஊற்றினான், அன்னபேதியை நன்றாகக் கரைத்தான், பெராக்சைடைச் சீராக ஊற்றினான். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காலி கேனைக் கீழே வைத்தவன், பக்கத்தில் கிடந்த மூட்டையிலிருந்து கற்கண்டு மாதிரி ஒன்றை முறத்தில் அள்ளி, யாரோடோ பேசிக்கொண்டே, பார்க்காமலே, தொட்டிக்குள் வீசினான். அதே தீக்குச்சி நெடி குப்பென்று எழுந்தது.

“ஏனுங்க, அதென்னங்க?”

“எது?” அவன் கையைப் பார்த்தான். “இதா? ஹைப்போ.”

“அத எதுக்குப் போடறீங்க?”

“எதுக்கா? பெராக்சைடு போட்டா ஹைப்போ போட்டு அத அடக்கோணுமல்ல? அடக்காம சாயத்துல எறக்கினா சாயம் ஏறுமா? துணி வெளுத்துப் போயிருமே.”

“இங்க துணி எங்கீங்க இருக்குது?”

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்தான். கையிலிருந்த முறத்தைப் பார்த்தான். அவனோடு நின்ற சாயக்காரர்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவன் ஒவ்வொரு தடவையும் ஹைப்போ வீசியதை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை, அவன் மறந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். துணியை வெளுத்த பிறகு மிச்சமிருக்கிற பெராக்சைடைக் கொன்றுவிட்டுத்தான் சாயத்தில் இறக்கவேண்டும் என்பது எங்கள் ஊரில் சோற்றுக்கு உப்பு போடுகிற மாதிரி, யாரும் யோசித்துச் செய்வதில்லை. சாயத்தைக் காப்பாற்றியே பழகின கைகள் இங்கேயும் அதைத்தான் காப்பாற்றியிருக்கின்றன.

“நாந்தானா?” என்றான் சென்னியப்பன். “இத்தன நாளா நாந்தானா அதக் கொன்னுட்டு இருந்தன்?”

தாரகேஸ்வரிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அவளோ பெரிய பாரத்தை இறக்கிவைத்தவளைப் போலச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கணக்கும் தப்பில்லை, படிப்பும் தப்பில்லை, வழி இருக்கிறது. அவள் சிரிப்பதைப் பார்த்து மயிலாத்தாள் சிரித்தாள், பிறகு அந்த ஹைப்போ மூட்டையின் கழுத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பட்டறைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கலங்கின தொட்டியை வடித்துவிட்டு, அடுத்த தொட்டி நிறைந்ததும் மறுபடி செய்தார்கள். சென்னியப்பன் பெராக்சைடு ஊற்றி முடித்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், கை தானாக எதையாவது எடுத்துவிடுமோ என்று அவனுக்கே பயம். தொட்டி கொதிக்கிற உலை மாதிரி நுரைத்தது. கருப்பு முதலில் ஊதாவானது, ஊதா காவியானது, காவி வெளிறிக்கொண்டே போனது, சுண்ணாம்புக்குத் துருச்சேறு அடியில் இறங்கியதும், தொட்டியின் தரையில் என்றோ பதித்த செங்கல் வரிசை மேலிருந்தே தெரிந்தது. அப்படியொரு வரிசை அங்கே இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மதகைத் திறந்தார்கள். தண்ணீர் பள்ளத்தில் இறங்கி, பழைய கருப்பைத் தள்ளிக்கொண்டு ஊரைச் சுற்றிக் கிழக்கே போனது, மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே போனது, நாங்கள் கரையோரம் நின்று பள்ளத்துக்குக் கூழாங்கல் உண்டு என்பதைப் பார்த்தோம். அதில் உப்பு போகவில்லை, அது வேறு வித்தை, அதற்கு வேறு மெஷின் வேண்டுமாம், தாரகேஸ்வரி அதை மறைக்காமலே சொன்னாள். துருச்சேற்றை என்ன செய்வது என்பதும் பாக்கி இருக்கிறது. ஆனாலும் ஊரில் எல்லோரும் அன்றைக்கு நன்றாக மூச்சு விட்டோம்.

பிறகு நாங்கள் குழந்தையின் பக்கம் திரும்பினோம். இனி அழலாம் கண்ணு, தண்ணீர் தெளிவாக ஓடுகிறது, இதுதான் நேரம் என்றோம். குழந்தையோ அழுவதாக இல்லை. இத்தனை நாளும் ஊரே சேர்ந்து சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து அதற்கு உலகம் பூராவும் யானையும் பூனையுமாகத் தெரிந்தது, பசித்தால்கூட முனகிவிட்டுச் சிரித்தது. ஹாரன் அடிக்கச் சொன்னோம், சிரித்தது. பொங்கியண்ணன் கண்ணை உருட்டி மிரட்டிப் பார்த்தார், அதற்கும் சிரித்தது. கிள்ளிவிடலாமே என்று யாரோ சொன்னார்கள், சொன்னவரையே கிள்ளச் சொன்னோம், அவர் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவருக்கும் அதற்கு மனசு வரவில்லை.

கடைசியில் தடுப்பூசி போட வந்த நர்சம்மாதான் காரியத்தை முடித்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூடியிருந்த கூட்டம் எதற்கு என்று தெரியாமல், “ஊசி போடறத வேடிக்கை பாக்கறதுக்கு இத்தன பேரா?” என்று கேட்டுக்கொண்டே தொடையில் குத்தினார். குழந்தை ஒரு கணம் நம்பமுடியாமல் எங்கள் எல்லோரையும் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, பிறகு வீறிட்டது. மயிலாத்தாள் மடியிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, குழந்தையின் கண்ணோரத்தில் ஒற்றி எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

துணி வெள்ளையாக இருந்தது.

“வரல,” என்றார் பொங்கியண்ணன். “இன்னும் வரல.” கூட்டத்தில் பெருமூச்சு கிளம்பியது, பின்னால் நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள், நர்சம்மா அடுத்த வீட்டுக்குப் போகப் பையை எடுத்தார். மயிலாத்தாள் மட்டும் அசையவில்லை. துணியைப் பிடித்திருந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள், பிறகு அந்தத் துணியைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“ஈரமா இருக்குது,” என்றாள். “சென்னி, ஈரமா இருக்குதுடா! வந்துருச்சு, புள்ள அழுதுருச்சு. காந்தவே இல்ல பாரு, காந்தவே இல்ல.”

அவள் துணியை எல்லோர் முன்னாலும் நீட்டினாள், நாங்கள் ஒவ்வொருவராக வந்து விரலால் தொட்டுப் பார்த்தோம். நானும் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. யாரோ குலவை போட்டார்கள், யாரோ சர்க்கரை எடுக்க உள்ளே ஓடினார்கள், பொங்கியண்ணன் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பு என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

இந்தக் கூச்சலில் சென்னியப்பன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அதன் கன்னத்தைப் பெருவிரலால் துடைத்தான். துடைத்துவிட்டு ஈரமான பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கதவோரத்தில் தாரகேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள், அவள் முகம் எப்போதும்போலக் கோடில்லாமல் பளபளவென்று இருந்தது. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனான். ஃபேனைப் போடட்டுமா என்று கேட்கவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான்.

“அம்மிணி,” என்றான். “நீ அழுவறயா?”

“ஆமாங்க.”

“எப்பருந்து?”

அவள் சிரித்தாள், அழுதுகொண்டேதான் சிரித்தாள், இந்தத் தடவை அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. “உங்க ஊருக்கு வந்ததுல இருந்துங்க,” என்றாள்.

சென்னியப்பன் ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் கன்னத்தைத் துடைத்தான், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது, அவனும் துடைப்பதை நிறுத்தவில்லை.